வீட்டு ஆம்ப்ளிஃபயர் இதற்கு மேலும் மேம்பட முடியுமா?

சிங்கப்பூரின் அடெல்ஃபி கட்டடத்தில் உள்ள ஒலிக்கருவிக் கடைகளைச் சுற்றி வருபவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரு கடையில் இருபது கிலோ எடையுள்ள ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்மூடி தொட்டால் சுடுகிறது. விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், உள்ளங்கையில் அடங்கும் இன்னோர் ஆம்ப்ளிஃபயர் இருநூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. இரண்டின் விவரத்தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. சிறியதில் திரிபு 0.003 விழுக்காடு என்று இருக்கிறது, பெரியதில் 0.03. போதாக்குறைக்கு ‘காலியம் நைட்ரைடு’ என்ற பெயரில் இன்னொரு புதுமை வந்து, முந்தையவை எல்லாம் பழையதாகிவிட்டன என்று விளம்பரங்கள் சொல்கின்றன.

உண்மையில் இந்தத் தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது? இதற்கு மேல் போக இடம் இருக்கிறதா? இருந்தால், அது எந்த இடம்? அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் விடை தெளிவாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘ஒலிபெருக்கி’ என்ற தமிழ்ச் சொல், கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கும் அதை இயக்கும் பெட்டிக்கும் பொதுவாகவே புழங்குகிறது. இங்கே இரண்டையும் பிரித்தே பேச வேண்டியிருக்கிறது. அதனால் மின்சாரத்தைக் கையாளும் பெட்டியை ஆம்ப்ளிஃபயர் என்றும், காற்றை அசைத்து ஒலியை எழுப்புவதை ஸ்பீக்கர் என்றும் எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் செய்யும் வேலை

சிடி பிளேயரிலிருந்து வெளிவரும் இசை ஏறத்தாழ 2 வோல்ட் அளவுள்ள ஒரு மின்னலை. ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் கொடுக்க வேண்டுமானால் 28 வோல்ட்டும் மூன்றரை ஆம்பியரும் தேவை. சிடி பிளேயரால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தர முடியாது.

ஆம்ப்ளிஃபயர் அந்தச் சிறிய அலையை ஊதிப் பெரிதாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை எடுத்து, அதை நேர்மின்சாரமாக மாற்றித் தேக்கி வைத்துக்கொண்டு, சிறிய அலை சொல்கிற வடிவத்தில் அதைத் திறந்துவிடுகிறது. மதகைத் திருகுபவரின் கை சிறியது. வாய்க்காலில் பாய்வது ஏரித் தண்ணீர். கை அசையும் விதத்திலேயே தண்ணீரும் ஏறி இறங்குகிறதா என்பதுதான் ஆம்ப்ளிஃபயரின் தரம்.

தவறக்கூடிய மூன்று இடங்கள்

1. இரைச்சல்: இசை இல்லாதபோதும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி அல்லது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம்.

2. திரிபு: உள்ளே போன அலையில் இல்லாத அதிர்வெண்கள் வெளியே வரும் அலையில் முளைப்பது.

3. முகடு வெட்டு: தேக்கி வைத்த மின்னழுத்தத்தைத் தாண்டி அலை எழ முயலும்போது அதன் உச்சி தட்டையாகச் சீவப்படுவது. ஒலியளவைத் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மிருதங்க அடி சப்பென்று தகரம்போல் ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றில் இரண்டாவதைப் பற்றித்தான் வாதங்கள் அதிகம். அதைத் தம்பூராவைக் கொண்டு விளக்குவது எளிது.

தம்பூராவின் சட்ஜத் தந்தியை மீட்டினால் அந்த ஒரு அதிர்வெண் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கில் மேல் சட்ஜம், மூன்று மடங்கில் அதற்கும் மேலுள்ள பஞ்சமம், ஐந்து மடங்கில் அந்தர காந்தாரம் என்று ஒரு குடும்பமே கூடவே ஒலிக்கிறது. காது பழகியவர்கள் அந்தக் காந்தாரத்தைத் தனியாகவே பிரித்துக் கேட்பார்கள். ஆம்ப்ளிஃபயர் செய்யும் திரிபும் இதே வகைதான். 200 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 400, 600, 800 என்று சிறு சிறு துணை அதிர்வெண்களை அது தானாகச் சேர்க்கிறது. இரண்டாம், மூன்றாம் மடங்குகள் சட்ஜ, பஞ்சமங்களாகவே இருப்பதால் இசையோடு ஒட்டிக்கொள்கின்றன. சிறிதளவு சேர்ந்தால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ‘கனமான ஒலி’ என்றுகூடச் சிலர் விரும்புவார்கள். ஏழாம் மடங்கு அப்படியில்லை. கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, எந்தச் சுரஸ்தானத்திலும் சரியாக உட்காராமல் நிற்கும். அது கூடினால் ஒலி கூர்மையாகக் குத்தும்.

இதைவிடக் கொடியது, இரண்டு சுரங்கள் ஒருசேர ஒலிக்கும்போது நேர்வது. 1000 ஹெர்ட்ஸும் 1100 ஹெர்ட்ஸும் சேர்ந்து உள்ளே போனால், திரிபுள்ள ஆம்ப்ளிஃபயர் 100, 900, 1200, 2100 என்று கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். இவற்றுக்கும் பாடும் ராகத்துக்கும் எந்த உறவும் கிடையாது. குரலும் வயலினும் நாகசுரமும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும்போது ஒலி குழம்பிக் களேபரமாகிறது என்றால், அங்கே நடப்பது இதுதான்.

ஆகவே விவரத்தாளில் உள்ள ஒற்றை விழுக்காட்டு எண் முழுக் கதையைச் சொல்லாது. எந்த மடங்கில், எந்த அதிர்வெண்ணில், எத்தனை வாட்டில் அளந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

படகுப் பயணத்தில் பிறந்த தீர்வு

1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் வேலைக்குப் போவதற்காக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசித் தடத்தில் ஆம்ப்ளிஃபயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும்போது ஒவ்வொன்றின் திரிபும் சேர்ந்துகொண்டே போய்ப் பேச்சே புரியாமல் ஆவதுதான் அவரை வாட்டிய சிக்கல். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே தீர்வை வரைந்தார்.

அதற்குப் பெயர் எதிர்மறைப் பின்னூட்டம். வெளியே வரும் அலையில் ஒரு சிறு பங்கை உள்ளே திருப்பிக் கொண்டுவந்து மூல அலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அதுதான் பிழை. அதை எதிர்த்திசையில் செலுத்தித் திருத்த வேண்டும். தேவைக்கு மேல் ஆயிரம் மடங்கு பெருக்கும் ஆற்றலைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு அதைத் திருத்தத்துக்குச் செலவிட்டால், திரிபும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இன்று விற்கப்படும் ஏறக்குறைய எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஏதாவது ஒரு வடிவத்தில் அந்தப் படகில் வரைந்த படத்தை வைத்துத்தான் இயங்குகின்றன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. திருத்தம் தாமதமாக வந்து சேர்ந்தால், எதிர்க்க வேண்டியது துணைபோக ஆரம்பிக்கும். ஆம்ப்ளிஃபயர் தானாகவே அதிரத் தொடங்கும். மண்டபத்தில் மைக் ஊளையிடுவது இந்த வகைச் சுழற்சியால்தான். ஆகவே எவ்வளவு திருத்தலாம் என்பது, உள்ளே மதகாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு விரைவானவை என்பதைப் பொறுத்தது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் 0.00 என்று தொடங்கும் திரிபு எண்களைப் போட்டி போட்டு அச்சிட்டன. விரைவில்லாத சுற்றுகளில் பின்னூட்டத்தைத் திணித்தால், நிலையான தொனியில் நல்ல எண் கிடைக்கும், திடீரென்று எழும் அலையில் சுற்று தடுமாறும் என்று ஃபின்லாந்தின் மட்டி ஓட்டலா 1970லேயே சுட்டிக்காட்டியிருந்தார். பிறகு டிரான்சிஸ்டர்கள் வேகமடைய, அந்தக் குறையும் தீர்ந்தது.

ஏ, ஏபி, டி: வெப்பத்தின் கதை

கடைகளில் ‘கிளாஸ் ஏ’, ‘கிளாஸ் டி’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இவை தரவரிசை கிடையாது. டிரான்சிஸ்டரை எப்படி வேலை வாங்குகிறார்கள் என்பதன் பெயர்கள்.

ஏ வகையில் டிரான்சிஸ்டர் எப்போதும் பாதி திறந்தே இருக்கும். இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். திரிபு குறைவு; ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால்கூட எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகாது. நடைமுறையில் இன்னும் மோசம்.

பி வகையில் ஒரு டிரான்சிஸ்டர் அலையின் மேல்பாதியையும் மற்றொன்று கீழ்ப்பாதியையும் பார்த்துக்கொள்ளும். திறன் 78.5 விழுக்காடு வரை போகலாம். ஆனால் ஒன்று விட, மற்றொன்று பற்றும் அந்தக் கைமாற்றத்தில் ஒரு சிறு இடறல் ஏற்படுகிறது. மெல்லிய ஒலியில்தான் அது அதிகம் தெரியும். அதனால் இரண்டும் சிறிது நேரம் சேர்ந்து பிடிக்கும்படி செய்த ஏபி வகை வந்தது. அரை நூற்றாண்டாக வீட்டு ஆம்ப்ளிஃபயர் என்றால் பெரும்பாலும் ஏபிதான்.

டி வகை வேறு வழியில் போகிறது. பாதி திறந்த டிரான்சிஸ்டர்தான் சூடாகும்; ஏனென்றால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தமும் இருக்கிறது, உள்ளே மின்னோட்டமும் ஓடுகிறது. முழுவதும் திறந்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழி. முழுவதும் மூடினால் மின்னோட்டம் சுழி. இரண்டு நிலையிலும் வெப்பம் இல்லை. ஆகவே டி வகையில் டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் நான்கைந்து லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. அலை உயரும்போது திறந்திருக்கும் நேரம் கூடுகிறது, தாழும்போது குறைகிறது. கடைசியில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் இந்தப் படபடப்பை வடிகட்டி, இசை அலையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகின்றன. முழு ஆற்றலில் ஓடும்போது திறன் 90 விழுக்காட்டை எட்டுகிறது. ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவே.

இந்தத் திறன் வேறுபாட்டைச் சிங்கப்பூர் மின்கட்டணத்தில் வைத்துப் பாருங்கள். ஏ வகை ஆம்ப்ளிஃபயர் ஒன்று 200 வாட் இழுக்கிறது, நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடுகிறது, கிலோவாட்மணிக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 24 காசு, மாதத்துக்கு ஏழு வெள்ளி சொச்சம். இது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 200 வாட் முழுவதும் கூடத்திலேயே வெப்பமாக இறங்குகிறது. இரண்டு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்ததற்குச் சமம் அது. நம் வானிலையில் அதை வெளியேற்றக் குளிர்சாதனம் தனியாக உழைக்க வேண்டும். குளிர்நாடுகளில் ஏ வகை ஆம்ப்ளிஃபயரைக் குளிர்காய உதவும் கருவியாகவும் ரசிக்கலாம்; இங்கே அந்தச் சௌகரியம் கிடையாது.

டி வகை புதிதாக வந்ததுமில்லை. பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் 1960களிலேயே எக்ஸ்-10 என்ற பெயரில் ஒன்றை விற்றார். அன்றைய டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு விரைவாகத் திறந்து மூடக்கூடியவையாக இல்லை. அதனால் அது எடுபடவில்லை. பின்னர் வேகம் கிடைத்தபோதும் ஒரு குறை நீடித்தது. கடைசியில் உள்ள வடிகட்டி, பின்னூட்டச் சுழற்சிக்கு வெளியே இருந்தது. அதனால் 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு மாதிரியும் 4 ஓம் ஸ்பீக்கரில் வேறு மாதிரியும் உச்ச சுரங்கள் ஏறி இறங்கின. ‘டி வகை ஒலி வறட்சியானது’ என்ற பழைய குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருந்தது இதனால்தான்.

பிலிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பெல்ஜியப் பொறியாளர் புரூனோ புட்சேஸ், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிகட்டியையும் பின்னூட்டச் சுழற்சிக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு ஹைப்பெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், 2019இல் ப்யூரிஃபை நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர் தொகுதி என்று அடுத்தடுத்து வந்தவற்றில் திரிபு 0.0002 விழுக்காட்டின் பக்கம் இறங்கிவிட்டது. கடந்த இருபது ஆண்டுகளில் ஆம்ப்ளிஃபயர் உலகில் நடந்த உண்மையான புரட்சி எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

காதின் எல்லையும் இயற்பியலின் எல்லையும்

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். ஒலிகளின் அளவை ஒப்பிடும் அலகு டெசிபெல். திரிபு 0.1 விழுக்காடு என்றால் இசையைவிட 60 டெசிபெல் கீழே இருக்கிறது. 0.01 என்றால் 80 டெசிபெல், 0.001 என்றால் 100. இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது, 0.1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்ட இரண்டாம் மூன்றாம் மடங்குத் திரிபைப் பிரித்துக் கேட்பது மிகப் பெரும்பாலோருக்கு இயலாது. உரத்த ஒலி தன் அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடுகிறது. உயர் மடங்குகளுக்குக் காது கூடுதல் நுட்பமாக இருந்தாலும், 0.001 என்பது அதையும் தாண்டிய எல்லை. நல்ல ஏபி வகைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

இரைச்சலிலும் இதே நிலைதான். 1000 ஓம் மின்தடை ஒன்று, அறை வெப்பநிலையில் சும்மா இருந்தாலே, அதிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்கும். 2 வோல்ட் இசையோடு ஒப்பிட்டால் அது 131 டெசிபெல் கீழே. எந்தப் பொறியாளராலும் இந்த விதியை ஏமாற்ற முடியாது. இன்றைய மிகச் சிறந்த ஆம்ப்ளிஃபயர்கள் 120 முதல் 130 டெசிபெல் வரை எட்டிவிட்டன. சுவர் இன்னும் ஓரடி தூரத்தில்தான் இருக்கிறது. மின்விசிறி சுழலும் ஒரு வீட்டில் இரவு நேர அமைதியே 30 டெசிபெல்லுக்கு மேல்தான். உச்ச ஒலி 105 என்றால், காதுக்கு மிஞ்சும் இடைவெளி 75 டெசிபெல்.

ஆக, உள்ளே போன அலையை அப்படியே பெரிதாக்கும் ஒரே வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த ஓட்டப்பந்தயம் முடிந்துவிட்டது. 0.0002ஐ 0.0001 ஆக்குவது அளவுகருவிக்குத் தெரியும். காதுக்குத் தெரியாது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் வேறு வேறு மாதிரி ஒலிப்பதாகப் பலர் உணர்வது பொய்யா? இல்லை, பல வேளைகளில் உண்மை. காரணங்கள் மட்டும் வேறு. ஒன்று மற்றதைவிட அரை டெசிபெல் உரக்க ஒலித்தாலும் காது அதை ‘உரப்பு’ என்று உணராது, ‘தெளிவு’ என்றே எடுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஓரிரு ஓம் இருக்கும்; ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும்போது ஒலியும் கூடக்குறைய மாறும். அது கேட்கக்கூடிய, அளக்கக்கூடிய வேறுபாடு. முகடு வெட்டும் அப்படித்தான்.

காலியம் நைட்ரைடு என்ன தரும்?

டி வகையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறக்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் திறந்துவிட்டால் மின்சாரம் நேரே பாய்ந்து கருவி எரிந்துவிடும். அதனால் ஒன்று மூடிய பிறகு மற்றது திறக்குமுன் சில பத்து நானோவிநாடிகள் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளிதான் டி வகைத் திரிபின் முக்கிய ஊற்று. காலியம் நைட்ரைடு என்பது டிரான்சிஸ்டர் செய்ய வழக்கமான சிலிக்கானுக்குப் பதிலாகப் பயன்படும் பொருள். சிலிக்கானைவிட அது விரைவாகத் திறந்து மூடும். மூடிய பிறகு மிச்ச மின்னூட்டம் பின்வாங்கும் தொல்லையும் அதில் இல்லை. அதனால் இடைவெளியைச் சுருக்கலாம், இன்னும் உயர்ந்த வேகத்தில் இயக்கலாம், வடிகட்டியைச் சிறிதாக்கலாம், வெப்பத்தைக் குறைக்கலாம்.

பொறியியல் வகையில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் மேலே சொன்ன 0.0002 விழுக்காடு சிலிக்கானிலேயே சாத்தியமானது என்பதை மறக்கக் கூடாது. பின்னூட்டம் சரியாக அமையாத காலியம் நைட்ரைடு ஆம்ப்ளிஃபயர், நன்கு வடிவமைத்த சிலிக்கான் ஆம்ப்ளிஃபயரிடம் தோற்றுப்போகும். பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருப்பதற்காக இருமடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையில் இடம் மிச்சமிருப்பது எங்கே?

1. ஸ்பீக்கரோடு சேரும் இடம். முன்னேற்றத்துக்கு அகன்ற வெளி இருப்பது இங்கேதான். ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் தரும் வழக்கமான ஸ்பீக்கர், தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் 0.3 விழுக்காட்டைத்தான் ஒலியாக மாற்றுகிறது. நூறு வாட் அனுப்பினால் 99 வாட்டுக்கு மேல் அதன் கம்பிச்சுருளைச் சூடாக்குவதில் போகிறது. செம்பின் மின்தடை ஒரு பாகைக்கு 0.39 விழுக்காடு கூடும். சுருள் நூறு பாகை சூடேறினால் மின்தடை 39 விழுக்காடு உயர்ந்து, ஒலி ஏறக்குறைய 3 டெசிபெல் வரை அமுங்கிப்போகும். கச்சேரியின் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்கு ஏற ஏற, ஸ்பீக்கர் மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது. கீழ் சுரங்களில் ஸ்பீக்கரின் சொந்தத் திரிபு 1 முதல் 3 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம். ஆம்ப்ளிஃபயரின் திரிபைவிட அது ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ஆம்ப்ளிஃபயரோ, தன் வெளியீட்டு முனைவரைதான் திருத்துகிறது. அதற்கப்பால் ஸ்பீக்கர் கூம்பு என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. கூம்பின் அசைவையே அளந்து பின்னூட்டமாகக் கொடுக்கும் முயற்சியைப் பிலிப்ஸ் 1970களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்குச் செலவு அதிகம். இன்று ஒவ்வொரு ஸ்பீக்கர் கூம்புக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயரும், கணக்குப் போட ஒரு சிறு செயலியும் பெட்டிக்குள்ளேயே மலிவாக அமைக்க முடிகிறது. சுருளின் வெப்பத்தைக் கணித்து ஈடுகட்டுவது, கூம்பு எல்லை மீறுமுன் தடுப்பது, மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் திரிபைக் குறைப்பது எல்லாம் இந்த வழியில்தான் வரும்.

2. அறை. நம் அடுக்குமாடி வீட்டுக் கூரை 2.6 மீட்டர் உயரம் என்றால், தரைக்கும் கூரைக்கும் இடையே 66 ஹெர்ட்ஸில் ஓர் அலை சிக்கிக்கொண்டு நிற்கும். நான்கு மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 43 ஹெர்ட்ஸில் இன்னொன்று. கான்கிரீட் சுவரும் ஓட்டுத் தரையும் இவற்றை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. சோபாவின் ஒரு முனையில் கும்மென்று கேட்கும் தவில், மறுமுனையில் காணாமல் போவது இதனால்தான். வேறுபாடு 10 டெசிபெல்லையும் தாண்டும். மைக் வைத்து அறையை அளந்து ஈடுகட்டும் வசதி ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வரத் தொடங்கிவிட்டது. அது இன்னும் துல்லியமாக, எளிதாக ஆக வேண்டும்.

3. சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்சாரம். டி வகையின் 90 விழுக்காடு என்பது முழு ஆற்றலில் உள்ள கணக்கு. வீட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே. அந்த நிலையில் கருவி தன்னை ஓட்டிக்கொள்வதற்கே பத்து வாட் எடுத்தால் திறன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. ஆயுள். என் பார்வையில், இந்தத் துறை முன்னேறாமல் பின்னே போயிருக்கும் ஒரே இடம் இதுதான். மின்பகுளி மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. அந்த வகையில் குளிர்ச்சியாக ஓடும் டி வகை நீடிக்க வேண்டும். ஆனால் விரல்நுனி அளவுச் சிப்பில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டதால், ஒன்று கெட்டால் பலகையையே தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. இணையத்தில் இணைந்து பாடும் ஆம்ப்ளிஃபயர்களில் இன்னொரு சிக்கல்: மின்சுற்று நன்றாக இருக்கும், கைப்பேசிச் செயலிக்கான ஆதரவு நின்றுபோயிருக்கும். இருபது ஆண்டு உழைக்க வேண்டிய கருவி, மென்பொருளின் ஆயுளோடு முடிந்துபோவதை ஏற்க முடியாது.

நான்கறை வீட்டுக் கூடத்துக்கு எத்தனை வாட்?

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம். 87 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டு. உட்காருமிடம் மூன்று மீட்டர் தொலைவு. இரண்டு ஸ்பீக்கர்களால் 3 டெசிபெல் கூடும்; தொலைவால் குறைவதில் அறையின் எதிரொலி ஒரு பகுதியை ஈடுகட்டுவதால் ஆறேழு டெசிபெல் போகும். ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுத்தால் காதுக்குக் கிடைப்பது சுமார் 83 டெசிபெல். நிறைவாகக் கேட்க 75 டெசிபெல் போதும். அதற்குத் தேவை 0.16 வாட்!

ஆனால் மிருதங்க அடியோ தவில் அடியோ சராசரியைவிட 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு ஆற்றலோடு ஒரு கணம் எழும். அப்போது 16 வாட் வேண்டும். கையிருப்பாக மும்மடங்கு வைத்துக்கொண்டாலும் 50 வாட்டில் கதை முடிந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டாரை நினைத்துக் குறைத்துக் கேட்பவர்களுக்கு அதுவும் மிகுதி. இருமடங்கு வாட் என்பது 3 டெசிபெல் கூடுதல் மட்டுமே; காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

விவரத்தாளைப் படிக்கும் முறை

1. அடாப்டரைப் பாருங்கள். ‘300 வாட் வீதம் இரண்டு’ என்று எழுதிய சிறிய பெட்டியோடு 48 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வந்தால், பெருக்கிப் பாருங்கள்: 240 வாட். அடாப்டரிலிருந்து 240 வாட் எடுக்கும் கருவி 600 வாட் எப்படித் தரும்? இழப்பு போக, இரு பக்கமும் சேர்ந்து தொடர்ந்து தரக்கூடியது 215 வாட் போல. அது போதும்தான், ஆனால் எழுதியது பொய். முன்பு மினி ஹைஃபை பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட ‘பிஎம்பிஓ’ என்ற கணநேர உச்ச வாட்களின் வாரிசு இது.

2. எத்தனை ஓம், எத்தனை விழுக்காடு திரிபு என்று தேடுங்கள். 4 ஓமிலும் 10 விழுக்காட்டிலும் அளந்த எண், 8 ஓமிலும் 1 விழுக்காட்டிலும் அளந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியலாம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் இதற்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தது; 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 விழுக்காட்டுக்குக் குறைவான திரிபு என்ற ஒரே அளவுகோலை வகுத்தது. அந்த முறையில் எண் தரும் தாளை நம்பலாம்.

3. கடையில் இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியின் ஒலியளவுச் செயலிகூட இதற்கு ஓரளவு உதவும்.

4. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் அடாப்டரைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் விற்கப்படும் ஏசி அடாப்டர்களுக்குப் பாதுகாப்புக் குறியீடு கட்டாயம். பெட்டியோடு வருவதில் அது இல்லையென்றால், குறியீடு உள்ள ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் ஏற்கெனவே உள்ள பழைய பெட்டி

பலர் வீட்டில் எண்பதுகளில் வாங்கிய ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் இன்னும் அலமாரியில் இருக்கும். மூடியைக் கழற்றினால் ஒரு பக்கம் கைப்பிடி அளவு டிரான்ஸ்ஃபார்மர், நடுவே குளிர்பானக் குவளை பருமனில் இரண்டு மின்தேக்கிகள், ஓரத்தில் அலுமினியத் தகடுகளில் திருகியிருக்கும் நான்கு டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசியும் ஈரமும் படிந்திருக்கிறது. தொடுமுனை சுத்தம் செய்யும் திரவம் போதும். தொடர்ந்து ரீங்காரம் கேட்டாலோ மின்தேக்கியின் தலை உப்பியிருந்தாலோ அவற்றை மாற்ற வேண்டும். அந்த மின்தேக்கிகள் அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், இதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே பாதுகாப்பு. இவ்வளவு செய்துவிட்டால், முகடு வெட்டு நேராத ஒலியளவில், இன்றைய 0.0002 விழுக்காட்டுப் பெட்டியோடு சம ஒலியில் மாற்றி மாற்றிக் கேட்டாலும் எது எது என்று காதால் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். புதியதற்கு ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கருக்கும், கூடத்துத் தரையில் விரிக்க ஒரு தடித்த கம்பளத்துக்கும், சன்னலுக்குக் கனமான திரைக்கும் செலவிட்டால், வேறுபாடு முதல் பாட்டிலேயே கேட்கும்.